எம்லினின் சாவுச் செலவுக்கு எடுத்து வைத்தது

"அப்போ இந்தக் கதவு யாரு காசு? அதைச் சொல்லு முதல்ல" என்று கிளின் கத்தியபோது நான் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். காலையில் துடைத்த கண்ணாடிதான். ஆனால் எங்கள் தெருவில் சண்டை வந்தால் கண்ணாடிகள் எப்படியோ அழுக்காகிவிடும்.

"என் காசு. பள்ளிக்கூடச் சமையல்கட்டுல பாத்திரம் தேய்ச்ச காசு" என்றாள் அவன் அக்கா நெரிஸ். புதுச் சிவப்புக் கதவுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"பாத்திரம் தேய்ச்சா பித்தளைக் கைப்பிடி கூட வருமா? எம்லின் கோட்டைப் பாரு. அப்பாவோடது. அப்பா செத்து முப்பது வருஷம் ஆச்சு, அந்தக் கோட்டு இன்னும் சாகல."

கோட்டுக்குள் இருந்த எம்லின், இவர்களின் கடைசித் தம்பி, நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து வினிகர் சொட்டச் சொட்ட உருளைக்கிழங்கு வறுவல் தின்றுகொண்டிருந்தான். அவனுக்கு நாற்பத்து நாலு வயது. பிறந்ததிலிருந்தே எழுத்தும் கணக்கும் அவனுக்கு ஏறவில்லை. மற்றபடி எந்த வீட்டில் யார் வந்தார்கள், யார் கோபித்துக்கொண்டு போனார்கள் என்று அவனைக் கேட்டால் போதும். அந்த விஷயத்தில் இந்தத் தெருவில் எனக்கு இருந்த ஒரே போட்டி அவன்தான்.

அம்மா இறந்த பிறகு எம்லினுக்கு வரும் அரசாங்க உதவித்தொகையை அவனுக்காக வாங்கி, அவனுக்காகச் செலவு செய்யும் பொறுப்பை நெரிஸ் கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொண்டாள். வாங்கினாள் என்பது எல்லோருக்கும் தெரியும். செலவு செய்ததைத்தான் யாரும் பார்த்ததில்லை. அதனால் அந்தப் பணம் எங்கே போகிறது என்று தெரு தானாக ஒரு பதில் வைத்திருந்தது. சிவப்புக் கதவு வந்ததும் அந்தப் பதிலுக்குச் சாட்சியும் கிடைத்துவிட்டது.

எம்லின் கேட்டது ஒன்றே ஒன்று. அவனைப் போன்றவர்களுக்கான பகல் மையத்தில் அவனோடு உட்கார்ந்து அட்டைப்பெட்டி மடிக்கும் டெக்வென் என்ற பெண்ணோடு, ஆகஸ்ட்டில் ஒரு வாரம் போர்த்கால் கடற்கரையில் ஒரு கேரவன், அதாவது சக்கரம் வைத்த வாடகை வீடு. டெக்வென்னின் அம்மா பெரில் கூடவே வந்து நடுவறையில் படுத்துக்கொள்வதாகவும் ஏற்பாடு. அதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. நெரிஸ் மட்டும் "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றாள். போன வருஷமும் அதைத்தான் சொன்னாள். எம்லின் பொறுத்துப் பார்த்துவிட்டு அண்ணன் கிளினிடம் கேட்டான். கிளினிடம் நாய்ப் பந்தயத்துக்கே காசு பற்றாது. அதனால் அவன் அக்கா வாசலுக்கு நியாயம் கேட்க வந்துவிட்டான்.

"திருடி" என்றான் கிளின்.

அந்தச் சொல்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. நெரிஸ் நடைபாதைக்கு இறங்கி வந்து, அவனுக்காக இல்லாமல் எங்கள் எல்லோருடைய திரைச்சீலைகளுக்காகவும் பேசினாள்.

"ஒரு பென்னி தொட்டதில்ல. அவன் சாப்பாடு கூட என் சம்பளத்துல. இருபத்து மூவாயிரம் பவுண்டு பேங்க்ல அப்படியே இருக்கு. நல்லாக் கேட்டுக்கோங்க எல்லாரும்."

கேட்டுக்கொண்டோம்.

"இருபத்து மூவாயிரமா?" கிளினின் குரல் பாதியாகிவிட்டது. "எதுக்கு?"

"அவன் சாவுக்கு."

எம்லின் தலையைத் தூக்கினான். "யாரு சாவுக்கு?"

"உன் சாவுக்குத்தான் கண்ணு."

"எப்போ?"

அவன் மறுபடி வறுவலுக்குத் திரும்பினான்.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. இவர்களின் அப்பா செத்தபோது வீட்டில் காசில்லை. தேவாலயத்தில் தட்டு ஏந்தித்தான் அடக்கம் செய்தார்கள். அடக்கம் முடிந்து வந்தவர்களுக்குப் பன்றித்தொடைக் கறி வைக்கவில்லை. எங்கள் பள்ளத்தாக்கில் சவ அடக்கத் தேநீர் என்றால் அந்தக் கறி மெல்லிசாகச் சீவித் தட்டு நிறைய இருக்க வேண்டும். அன்றைக்கு மீன் விழுது தடவிய ரொட்டிதான். நானும் தின்றேன், மேல்ரொட்டிக்குத்தான் விழுது இருந்தது. ஊர் அதைப் பத்து வருஷம் பேசியது. அப்போது கல்யாண வயதில் இருந்த நெரிஸ் கல்யாணத்தை மறந்தாள், அந்தத் தேநீரை மறக்கவில்லை. எம்லினுக்கென்று பிள்ளை குட்டி கிடையாது; அவன் போகும்போது யாரும் தட்டு ஏந்தக்கூடாது என்று முடிவு கட்டிக்கொண்டாள்.

கிளின் தொண்டையைச் செருமினான். "நான் நேத்தே உதவித்தொகை ஆபீசுக்குப் போன் போட்டுட்டேன். நீ அவன் பணத்தைத் தின்னுட்டேன்னு."

"வரட்டும். எனக்கென்ன பயம்" என்றாள் நெரிஸ்.

சில நாளில் ஆபீசிலிருந்து ஆள் வந்தது. பெவன் என்ற அம்மாள், பையும் இருமலுமாக. அந்த நேரம் பார்த்து நான் நெரிசின் கேக் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். நெரிஸ், "இருங்க, சாட்சிக்கு ஆச்சு" என்றாள். இல்லாவிட்டாலும் இருந்திருப்பேன்.

நெரிஸ் நல்ல கோப்பைகளை எடுத்து வைத்து, தேநீர் ஊற்றி, தொகையைச் சொன்னாள். பரிசு வாங்கப்போகிறவள் முகம். பெவன் அம்மாள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"பதினாறாயிரத்தைத் தாண்டினப்பவே எங்களுக்குச் சொல்லியிருக்கணுமே, நெரிஸ்."

"சேர்த்து வெச்சா தப்பா?"

"தப்பில்ல. அவருக்கு ரெண்டு விதமாப் பணம் வருது. ஒண்ணு அவர் நிலைமைக்காக, அது நிக்காது. இன்னொண்ணு கையில பணம் இல்லாதவங்களுக்கு. அவர் கையிலதான் இவ்வளவு இருக்கே."

"அவன் கையில எங்க இருக்கு? நான்ல வெச்சிருக்கேன்."

"நீங்க வெச்சிருந்தாலும் அவரோடதுதான். இத்தனை வருஷம் கூடுதலா வந்ததைத் திருப்பிக் கேப்பாங்க."

"நான் திருடலையே."

"திருடலைங்க. யாரும் அப்படிச் சொல்லல." பெவன் அம்மாள் இருமிக்கொண்டாள். "ஆனா செலவும் பண்ணலையே. அவருக்குத் துணி, வெளிய போறது, வர்றது, இதுக்கெல்லாம்தானே அது. பூட்டி வெக்கறதுக்கு உங்களைப் போடலை."

மாடிப்படியில் உட்கார்ந்திருந்த எம்லின் கேட்டான்: "கேரவனுக்கு ஆகுமா?"

"நல்லா ஆகுமே."

எம்லின் அக்காவைப் பார்த்தான். அக்கா தேநீர்ப் பாத்திரத்தைப் பார்த்தாள்.

கதை அங்கேயே நல்லபடியாக முடிந்திருக்கலாம். ஈஸ்டருக்கு முந்தின வாரம் பெரில் மூச்சு வாங்க மேட்டில் ஏறி வந்தாள். நான் குப்பைத்தொட்டியை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தேன்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள கேரவனுக்கு முன்பணம் கட்டணும் நெரிஸ். பாதி நான் போட்டுக்கறேன், வேணும்னா."

"கணக்கு முடியட்டும் பெரில். எவ்வளவு திருப்பிக் கேக்கறாங்கன்னு தெரியட்டும். இப்போ எடுத்தா, மாட்டிக்கிட்டதும் அவசர அவசரமா வாரி இறைக்கிறாள்னு சொல்வாங்க."

"அந்த அம்மாவே செலவு பண்ணச் சொன்னாங்களாமே. யாரு சொல்லப் போறா?"

நெரிஸ் தெருவை ஒரு சுற்றுப் பார்த்தாள். அந்தப் பார்வை என் பக்கமும் வந்தது. நான் குப்பைத்தொட்டியை உள்ளே இழுத்தேன்.

முன்பணம் கட்டவில்லை. மே மாதம் பெரில் மாடிப்படியில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஹியர்ஃபோர்டில் இருக்கும் மூத்த மகள் வண்டி எடுத்து வந்து, அம்மாவையும் டெக்வென்னையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். எம்லினிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை பகல் மையத்துக்குப் போய் வந்தவன் நேராக என் வாசலுக்கு வந்தான்.

"டெக்வென் இல்ல. அவ நாற்காலியில வேற ஒரு ஆளு. அவருக்குப் பெட்டி மடிக்கவே தெரியல."

அவன் என்னிடம் கொண்டுவந்த கடைசிச் செய்தி அது. அதற்குப் பிறகு யார் வீட்டைப் பற்றியும் அவன் எதுவும் சொன்னதில்லை.

கோடையில் ஆபீஸ் கேட்ட தொகையை நெரிஸ் ஒரே தடவையில் கட்டினாள். மீதியில் எம்லினுக்கு ஒரு நல்ல நீலக் கோட்டு வாங்கினாள். செப்டம்பரில், கேட்காமலேயே, போர்த்காலில் ஒரு வாரத்துக்குக் கேரவன் எடுத்தாள். மூன்றாம் நாளே இருவரும் பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள்.

"மழையா?" என்றேன்.

"இல்ல. நல்ல வெயில்." நெரிஸ் சாவியைப் போடாமல் பித்தளைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே நின்றாள். "ஒவ்வொரு பஸ்ஸுக்கும் போய் நின்னான். அவ வரமாட்டான்னு சொன்னா, கடலுக்கு வராம இருப்பாளாங்கறான். அப்புறம் கேட்டான், அவங்க அம்மா வந்தப்பவே ஏன் காசு குடுக்கலேன்னு."

"நீ என்ன சொன்ன?"

"உள்ளதைச் சொன்னேன். நீ செத்தா விருந்துல கறி வெக்கணுமேன்னு."

"அவன்?"

"'எனக்குப் பன்னிக்கறி பிடிக்காதே, நெரிஸ்'னான்." அவள் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "அம்மா போனதுலேர்ந்து நான்தானே சமைக்கிறேன். எனக்குத் தெரியாதா அது."

அவளைத் திருடி என்று இந்தத் தெருவில் இப்போது யாரும் சொல்வதில்லை. சொல்லியிருந்தால் அவளுக்குச் சண்டை போடவாவது ஒரு காரணம் இருந்திருக்கும்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கிளின் நாய்களைத் தலைமுழுகிவிட்டுப் பிரிஸ்டலில் மகள் வீட்டுக்குப் போய்விட்டான். கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை வருகிறது. நெரிஸ் தானாகவே எழுதிக் கொடுத்துப் பொறுப்பிலிருந்து விலகினாள். எம்லின் கீழ்த்தெருவில், துணைக்கு ஆள் இருக்கும் வீட்டில், இன்னும் இரண்டு பேரோடு குடியேறினான். அவன் பணத்தை இப்போது நகரசபை பார்த்துக்கொள்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் அக்கா வீட்டில் சாப்பாடு.

போன வசந்தத்தில் ஹியர்ஃபோர்டிலிருந்து அழைப்பு வந்தது. டெக்வென்னுக்கும், செடிப் பண்ணையில் வேலை பார்க்கும் ஒருவருக்கும் கல்யாணம். எம்லின் நீலக் கோட்டுப் போட்டுக்கொண்டு அக்காவோடு போனான். பெரில் சக்கர நாற்காலியில் இருந்தபடி அவனைக் கட்டிக்கொண்டு அழுதாளாம். விருந்தில் பன்றித்தொடைக் கறி வைத்தார்களாம், மெல்லிசாகச் சீவி, தட்டு நிறைய. எம்லின் தன் பங்கை எடுத்து வழக்கம்போல நெரிசின் தட்டில் வைத்தானாம். அவளும் தொடவில்லை என்று கேள்வி. டெக்வென்னும் அவள் கணவனும் ஒரு வாரம் கடற்கரைக்குப் போனார்கள். எந்தக் கடற்கரை என்று எங்கள் தெருவில் இதுவரை யாரும் எம்லினிடம் சொல்லவில்லை.