கழுத்து வரை பொத்தான்

ஆஷ்கோம் நகர நூலகத்தின் மாடியில் அந்த அம்மன் சிலையைத் திறந்து வைத்த நாளில் கர்னல் கிரான்ஷா பேசிய பேச்சைக் கேட்டு, கூடியிருந்தவர்கள் கை வலிக்கத் தட்டினார்கள். இந்தியாவில் ஒரு குறுநில ராஜாவின் கலகத்தை அடக்கப் போன இடத்தில் கோயில் கதவைக் கோடாலியால் பிளந்ததையும், கிழட்டுப் பூசாரி ஒருவர் சிலையின் காலைக் கட்டிக்கொண்டு கதறியதையும், அவரைப் பிய்த்தெடுக்கச் சிப்பாய்கள் பட்ட பாட்டையும் கர்னல் நடித்தே காட்டினார். பாதிரியார் டிம்ஸ் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு திரையை விலக்கினார்கள். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

வெண்கல அம்மன். பத்து வயதுப் பெண்ணின் உயரம் இருப்பாள். இடுப்பை ஒரு பக்கம் சாய்த்து, ஒரு கையைத் தொங்கவிட்டு, மறு கையில் பூப் பிடிக்கிற பாவனையில் நின்றாள். இடுப்புக்குக் கீழே மெல்லிய சேலையை மடிப்பு மடிப்பாக வார்த்திருந்தார்கள். அதை ஒருவரும் பார்க்கவில்லை. இடுப்புக்கு மேலே நகைகள் மட்டும்தான். அதை எல்லோரும் பார்த்தார்கள்.

மறுநாளே ஒழுக்கப் பாதுகாப்புச் சங்கம் கூடியது. சங்கத்தின் தலைவி கர்னலின் மனைவி லவினியா. அம்மன் எப்படி இங்கே வந்தாள் என்பது கூட்டத்தில் பேச்சாகவே வரவில்லை. இப்படி வந்திருக்கிறாளே என்பதுதான் பேச்சு. திருப்பி அனுப்பலாமென்றால் கர்னலின் வீரத்துக்கு இழுக்கு. அப்படியே விட்டால் ஊர் வாலிபர்கள் கெட்டுவிடுவார்கள். ஆகவே ஒரு சட்டை தைத்துப் போடுவதென்று முடிவானது. கழுத்து வரை மூடியது, முன்பக்கம் நெருக்கமாகப் பொத்தான் வைத்தது.

யார் தைப்பது? ஊரில் மானமுள்ள தையற்காரிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மானமுள்ளவளை இப்படியொரு உடம்பில் கை வைத்து அளவெடுக்கச் சொல்ல முடியுமா? அப்போதுதான் லவினியாவுக்கு கெசையா ப்ளம் நினைவுக்கு வந்தாள். அவள் ஏற்கெனவே கெட்டவள், இனிமேல் கெடுவதற்கு அவளிடம் எதுவுமில்லை என்றாள் லவினியா. சங்கம் முழுவதும் அந்த யோசனையை மெச்சியது.

கெசையா கெட்ட கதை சின்னது. கர்னலின் படையில் இருந்த ஒரு லெப்டினன்ட் அவளைக் கல்யாணம் செய்துகொள்வதாகச் சொன்னான். விஷயம் வயிற்றில் தெரிந்ததும் கர்னல் அவனைக் கூப்பிட்டு, இளவயதுக் குறும்புதானே என்று முதுகில் தட்டிக்கொடுத்து, இந்தியாவுக்குப் போகும் கப்பலில் கூட அழைத்துக்கொண்டு போனார். அங்கே அவன் மாம்பழத்தை அளவில்லாமல் தின்று வயிற்றுப்போக்கில் செத்துப்போனான். இப்போது தேவாலயச் சுவரில் பளபளக்கும் பித்தளைத் தகடு அவனைப் போர்க்களத்து வீரன் என்கிறது. கெசையாவுக்கு நெல் என்று ஒரு மகள் இருக்கிறாள். தகப்பனுக்குத் தகடு கிடைத்தது. தாய்க்கும் மகளுக்கும் கிடைத்தது வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ். அவள் வீடும் கடையுமாக வைத்திருந்த இடம் கர்னலுக்குச் சொந்தம். சங்கம் கேட்டுக்கொண்டதன் பேரில், அறுவடை முடிந்ததும் அவள் வெளியேற வேண்டும் என்று சொல்லியிருந்தார். கைக்குழந்தையோடு வந்து, ஊசி ஊசியாக உழைத்து உண்டாக்கிய கடை அது. வேறு எந்த ஊரில் போய் உட்கார்ந்தாலும் நெல்லின் தகப்பன் யார் என்கிற கேள்வி முதலிலிருந்து தொடங்கும்.

லவினியா கடைக்குள் வரவில்லை. வாசலில் வண்டியை நிறுத்தி அதில் இருந்தபடியே பேசினாள்.

"இந்த வேலைய ஒழுங்கா முடிச்சுக் கொடும்மா. வீட்டு விஷயத்தையும் சங்கத்துல கொஞ்சம் யோசிச்சுப் பார்ப்போம்."

கெசையா அந்த ஒரு வார்த்தையை நம்பினாள். அம்மனை அளவெடுக்கும்போது அவளுக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. அவிழ்த்துப் போட்ட உடம்பு என்பதற்காக அல்ல. சேலை மடிப்பை வார்த்த கை யாருடைய கையோ, அதன் முன்னால் தன்னுடைய கறுப்புக் கம்பளித் துணியோடு நிற்க வெட்கமாக இருந்தது. அந்த ஒசிந்த இடுப்புக்கு எந்தச் சட்டையும் சரியாக உட்காரவில்லை. ஒரு பக்கம் இறுக்கினால் மறுபக்கம் தூக்கிக்கொண்டது. கடைசியில் ஒருவழியாக மாட்டிவிட்டபோது, கழுத்து வரை பொத்தானும் மணிக்கட்டில் சரிகையுமாக அம்மன், திருச்சபைக்கு நன்கொடை கேட்டு வந்த பணக்கார விதவையைப் போலிருந்தாள். சங்கம் திருப்திப்பட்டது. வீட்டைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. கெசையா தானாகப் போய்க் கேட்டபோது, நல்ல காரியத்துக்குப் பிரதிபலன் எதிர்பார்க்கலாமா என்று லவினியா அவளையே திருப்பிக் கேட்டாள்.

இதற்கிடையில் நூலகத்தில் ஒரு அதிசயம் நடந்தது. சட்டையில்லாமல் நின்றபோது அம்மனை எட்டிப் பார்க்க இரண்டொரு பள்ளிக்கூடத்துப் பையன்கள்தான் வந்தார்கள். சட்டை போட்ட பிறகு ஊரில் பெரிய மனிதர்களுக்கெல்லாம் திடீரென்று கலையார்வம் பொங்கிவிட்டது. அதுவும் கதவு சாத்தப்போகிற நேரத்தில்தான் பொங்கியது. ஒவ்வொருவரும் தனியாகத்தான் வந்தார்கள்.

பொத்தான்கள் உதிர ஆரம்பித்தன. காவற்காரர் பிம் அவற்றைப் பொட்டலம் கட்டி, மறுபடி தைத்துத் தரும்படி கெசையாவிடம் வந்தார்.

"என்ன பிம் அண்ணே, அம்மன் ராத்திரியில எழுந்து சட்டையக் கழட்டிப் போடுறாளா?"

"காத்து, கெசையா. மாடியில காத்து ஜாஸ்தி."

"காத்து மூக்குப்பொடி போடுமா? பொத்தானெல்லாம் பொடி ஒட்டிக் கிடக்கு."

பிம் அசடு வழிந்தார். பிறகு, அவளிடம் மறைத்து ஆவதென்ன என்று நினைத்தாரோ என்னவோ, உண்மையைச் சொல்லிவிட்டார். ஐயாமார்கள் ஆராய்ச்சிக்காக வருகிறார்களாம். வந்ததும் அவரைக் கீழே போய் மணி பார்த்துவிட்டு வரச் சொல்வார்களாம். கையில் ஏதாவது வைத்தும் அனுப்புவார்களாம். மணி பார்க்க அவருக்கு ரொம்ப நேரமாகுமாம். யார் யார் என்று கெசையா கேட்டாள். வராதவர்களைச் சொல்வது சுலபம் என்றார் பிம். அவள் நெல்லைக் கொல்லைப்பக்கம் அனுப்பிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடிந்ததும் அழுகை வந்தது. தன்னைத் தெருவில் விடத் தீர்மானம் போட்ட கைகள்தானே இவை என்று நினைத்தாள். அழுகை அடங்கியதும் ஒரு யோசனை வந்தது.

அந்த வாரம் சட்டையைக் கழுவித் தைத்துத் தருவதாக வாங்கிக்கொண்டு வந்தாள். மார்புக்கு நேரே, பொத்தான்களுக்கு உள்புறம் இன்னொரு வெள்ளைத் துணியை வைத்துத் தைத்தாள். அதில், ஞாயிறு பள்ளியில் சிறுமிகள் வேத வாக்கியம் தைப்பார்களே, அதே குறுக்குத் தையலில் வேதத்தின் பத்துக் கட்டளைகளில் ஒன்றைத் தைத்தாள். சுற்றிலும் கொடியும் பூவும் போட்டாள். பொத்தானைக் கழற்றாதவர் கண்ணில் அது படாது. கழற்றியவரும் வெளியே சொல்ல மாட்டார். சட்டையைப் போட்டுவிட்டு வந்து, அவள் பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்தாள்.

அடுத்த சில நாட்களில் ஊர்ப் பெரியவர்கள் அவளைத் தெருவில் கண்டால் எதிர்ப்பக்கம் கடந்து போனார்கள். வங்கி மேலாளர் ஒருவர் தூணில் முட்டிக்கொண்டார். வாய் திறந்து ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. கெசையாவுக்கு நெடுநாளைக்குப் பிறகு சாப்பாடு ருசித்தது.

சங்கத்தின் மாதக் கூட்டம் நூலகத்துக் கீழ் அறையில் நடந்தது. நோட்டீஸை உறுதி செய்ய வேண்டிய கூட்டம் என்பதால் கெசையாவையும் வரச் சொல்லி, கதவோரம் நிற்க வைத்தார்கள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. பாதிரியார் ஜெபம் சொல்லி முடிப்பதற்குள் கர்னல் எழுந்துவிட்டார். அவர் முகம் வேகவைத்த நண்டு போலச் சிவந்திருந்தது.

"அறுவடை வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? இந்த வாரமே இவ காலி பண்ணணும்."

"ஏன் இத்தனை அவசரம்? சொன்னா சொன்னபடி இருக்கட்டுமே," என்றாள் லவினியா.

"உனக்குத் தெரியாது. அந்தச் சட்டைக்குள்ள இவ என்ன தைச்சு வெச்சிருக்கா தெரியுமா? கொழுப்பைப் பாரு. பச்சை நூல்ல, மார்புக்கு நேரா..."

"சிவப்பு நூல், கர்னல்," என்றார் பாதிரியார் டிம்ஸ். எதையும் பிழையில்லாமல் சொல்லிப் பழகியவர் அவர்.

"கொடிதான் பச்சை. எழுத்து சிவப்பு," என்று வங்கி மேலாளர் சமாதானம் செய்து வைத்தார்.

ஆண்கள் அவரவர் தொப்பிக்குள் எதையோ தேடினார்கள். பெண்கள் அவரவர் கணவனைத் தேடினார்கள். கணவன் கண்ணைக் கொடுத்தால்தானே. லவினியா எதிரில் இருந்த காகிதங்களை அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள்.

"உங்களுக்கு அது எப்படித் தெரியும், ஹோரஸ்?"

கர்னல் மெல்ல உட்கார்ந்தார்.

லவினியா கதவுப்பக்கம் திரும்பினாள். தைத்திருப்பது என்னவென்று கெசையாவைக் கேட்டாள்.

"எட்டாவது கட்டளை, மேடம். 'திருடாதே'னு."

விபசாரம் செய்யாதே என்று சொல்கிற கட்டளை அதற்கு முந்தியது, ஏழாவது. அறையிலிருந்த பெண்கள் அத்தனை பேரும் அதைத்தான் எதிர்பார்த்திருந்தார்கள்.

"எட்டாவதா? ஏழாவது இல்லையா?" என்று லவினியா கேட்டாள்.

"ஏழாவதைச் சொல்ல நான் யாரு, மேடம்? அதை மீறினவ நான். நீங்கதான் அதை நாலு பேருக்குத் தெரியும்படி சொல்லிட்டீங்களே. ஆனா எட்டாவதை நான் ஒருநாளும் மீறினதில்ல. அதனாலதான் அதைத் தைச்சேன்."

பேச்சு ஏழாவதை விட்டு விலகியதும் பாதிரியாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எட்டாவது கட்டளைக்கும் அந்தச் சிலைக்கும் என்ன சம்பந்தம் என்று உண்மையாகவே புரியாமல் பக்கத்திலிருந்தவரைக் கேட்டார். அவருக்கும் புரியவில்லை. அந்த அறையில் கர்னல் ஒருவருக்குத்தான் புரிந்திருந்தது. அவர் சன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு தீர்மானங்கள் வேகமாக நிறைவேறின. நோட்டீஸை ரத்து செய்ய வேண்டும் என்று லவினியா சொன்னாள். எதிர்க்க ஆண்கள் யாருக்கும் தைரியமில்லை. பெண்களுக்கு அதைவிடப் பெரிய கவலை வீட்டில் காத்திருந்தது. அடுத்ததாக, பார்வையாளர்கள் தவறாகப் பொருள் கொள்ளக்கூடும் என்பதால் கட்டளையைச் சட்டையிலிருந்து வெட்டி எடுத்துவிட வேண்டும் என்று பாதிரியாரே முன்மொழிந்தார். அதற்கு மட்டும் எல்லாக் கைகளும் ஒன்றாக உயர்ந்தன.

கெசையா அன்றைக்கே மாடிக்குப் போய் வெட்டி எடுத்தாள். வீடு தப்பியது. கடை தப்பியது. நெல்லுக்கு வேறு ஊர் தேட வேண்டியதில்லை. ஆனால் பொத்தான்களைத் திரும்பப் போடும்போது அம்மனின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தனக்கு வீடு கிடைத்துவிட்டது, இவளை இவள் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று இந்த ஊரில் ஒருத்தருக்கும், தனக்கும்கூட, வாய் வரவில்லையே என்று வெட்கமாக இருந்தது. மன்னித்துக்கொள் தாயே என்று வாய்விட்டே சொன்னாள். தன் மொழி அம்மனுக்குத் தெரியுமா என்று அவளுக்குத் தெரியாது.

மறுநாள் லவினியா வந்தாள். இந்த முறை வண்டியை விட்டு இறங்கினாள். கடைக்குள் வந்து, நெல் காட்டிய நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எல்லாரும்தான் பொத்தானக் கழட்டியிருக்காங்க. மத்தவங்க வெட்கப்பட்டாங்க. இவர் ஒருத்தருக்குத்தான் கோபம் வந்தது. அது ஏன்னு நேத்துலேருந்து யோசிச்சேன்."

கெசையா கையிலிருந்த ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"எங்க வீட்டு அலமாரிய நீ பார்த்ததில்ல. வெள்ளித் தட்டு, யானைத் தந்தச் சதுரங்கம், ஒரு ராணியோட சீப்பு. இத்தனை வருஷமா நான்தான் அதையெல்லாம் துடைச்சு வைக்கிறேன். எங்கேருந்து வந்ததுன்னு ஒருநாளும் கேட்டதில்ல." கையுறையைக் கழற்றிக் கை நீட்டினாள். "அந்தத் துணியக் கொடு."

அதற்கு நல்ல கறுப்பு மரச் சட்டம் போட்டு, கண்ணாடி வைத்து, சாப்பாட்டு அறையில் வெள்ளித் தட்டுகள் இருக்கும் அலமாரிக்கு மேலே மாட்டினாள். அது கர்னலின் நாற்காலிக்கு நேர் எதிர்ச் சுவர். வேத வாக்கியம் தொங்காத வீடு ஆஷ்கோமில் கிடையாது. அதைக் கழற்றச் சொல்ல எந்தக் கிறிஸ்தவனாலும் முடியாது. விருந்துக்கு வருகிறவர்கள் பூ வேலையைப் புகழ்ந்து, எவ்வளவு தெய்வ பக்தியுள்ள குடும்பம் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். கர்னல் தலை நிமிராமல் சாப்பிடுகிறார். மேசையின் தலைப்பக்க நாற்காலி வீட்டு எஜமானுக்கு உரியது என்பதால் அவரால் இடம் மாறி உட்காரவும் முடியவில்லை.