குசினிக்குள் இருந்த காற்று

மழை விட்டும் விறகு காயவில்லை. பாக்கியலட்சுமி குசினியில் அடுப்பின் முன் குந்தி ஊதுகுழலால் ஊதிக்கொண்டிருந்தாள். கித்தா என்னும் ரப்பர் மரத்து விறகு எரிய மறுத்து மஞ்சள் புகையைக் கக்கியது. புகை தகரக் கூரையில் முட்டி, போக இடமில்லாமல் மறுபடியும் கீழே இறங்கியது. பெண்டஹாரா ரோட்டுப் பலகாரக் கடைக்கு மத்தியானத்துக்குள் முறுக்குப் போய்ச் சேர வேண்டும். இருமல் வந்தபோதெல்லாம் எண்ணெய்ச் சட்டியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, பலகைச் சுவரில் சாய்ந்து இருமி முடித்துவிட்டு, முறுக்குக் கருகுமுன் திரும்பி வந்தாள்.

மலாக்கா நகரத்துக் காஜா பெராங்கில் வரிசையாக நின்ற பலகை வீடுகளில் அதுவும் ஒன்று. அவள் கணவன் தம்பிராஜா முன்கூடத்தில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தான். நடுக்கடல் தீவொன்றில் பார்க்கும் வேலையிலிருந்து விடுப்பில் வந்திருந்தான். அவனுடைய கதையைக் கேட்பதற்கென்றே பக்கத்து வீட்டுக் கலியாணசுந்தரம் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தார். அவர் அரசாங்க ஆபீசில் குமாஸ்தா.

"காத்தப் போயி கண்ணாடிக் குடுவையில அடைக்கிறதுக்கு ஒரு சம்பளமாய்யா?" என்றார் அவர்.

தம்பிராஜா சிரித்தான். "சும்மா காத்து இல்ல அண்ணே. சுமத்ராவுக்கும் தெக்கால, நடுக்கடல்ல ஒரு தீவு. அங்க காரு கெடையாது, லோரி கெடையாது, ஊரே கெடையாது. பெட்ரோலு, மண்ணெண்ண, வெறகு இதுலேருந்தெல்லாம் ஒரு மாதிரி வாயு கெளம்புதாம். ஹைட்ரோகார்பன்னு சொல்றாரு எங்க வெள்ளக்காரத் தொர. அது அவ்வளவு தூரத்துக் காத்துலயும் துளியாவது கலந்திருக்கா, வருசத்துக்கு வருசம் கூடுதான்னு பாக்குறாங்க. இருபது முப்பது வருசம் விடாம பிடிச்சாத்தான் தெரியுமாம்."

"அப்படி என்ன கவனம் வேணும் அதுக்கு?"

"கவனமா? காத்து வர்ற பக்கம் மூஞ்சியக் காட்டி நிக்கணும். மூச்ச அடக்கிக்கிட்டுத்தான் குடுவையோட திருகு மூடிய தொறக்கணும். நம்ம மூச்சு பட்டாக்கூட அந்தக் காத்து கெட்டுப் போயிரும்லா."

உள்ளேயிருந்து நீண்ட இருமல் கேட்டது. கலியாணசுந்தரம் ஒருமுறை அந்தப் பக்கம் பார்த்துவிட்டுக் கோப்பியை எடுத்துக்கொண்டார்.

அவர் போன பிறகு பாக்கியலட்சுமி கதவோரம் வந்து நின்றாள். கண்கள் சிவந்திருந்தன. கழுத்து நரம்பு புடைத்து அடங்கிக்கொண்டிருந்தது.

"ஏங்க, ஜன்னல்ல அடிச்சிருக்கிற அந்தப் பலகைய மட்டும் எடுத்து விட்டுட்டுப் போறீங்களா? மூச்சே விட முடியல."

"ஆரம்பிச்சிட்டியா? நான் ஊருல இல்லாத நேரத்துல அந்த லோரிக்காரப் பயலுங்க எல்லாம் குசினிக்குள்ள எட்டிப் பாக்கணுமா?"

"அவங்க அவங்க வேலையப் பாக்கிறாங்க."

"ஓ, அவங்க என்ன பாக்கிறாங்கன்னு ஒனக்குத் தெரியுமோ?"

அவள் திரும்பி அடுப்புக்குப் போனாள். அந்த வார்த்தைக்குப் பிறகு எந்தப் பெண்தான் பேசுவாள்?

குசினிக்கு ஒரு ஜன்னல் இருந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் கிடந்த காலி மனையில் லோரிக் கொட்டகை போட்டபோது, அந்த ஜன்னலுக்கு நேர் எதிரே ஓட்டுநர்களும் கூலிகளும் குளிப்பதும் சாப்பிடுவதும் வழக்கமாயிற்று. தம்பிராஜாவுக்குத் தீவு வேலை கிடைத்ததும் அதே சமயந்தான். மெர்டேக்கா, அதாவது நாட்டு விடுதலை, வந்த வருடம் அது. ஊரெல்லாம் கொடி கட்டிக்கொண்டிருந்த வாரத்தில் அவன் ஒரு தடித்த பலகையை ஜன்னலுக்குக் குறுக்கே வைத்து ஆணி அடித்தான். மாதக்கணக்கில் வீட்டில் இல்லாத ஆண் தன் வீட்டைப் பத்திரம் செய்துவிட்டுப் போவதாகத்தான் நினைத்தான். அண்டை அயலாரும் அதை நல்ல காரியம் என்றே சொன்னார்கள். நாடு விடுதலை பெற்று மூன்று வருடங்கள் ஆகியும் அந்தப் பலகை அப்படியே இருந்தது.

விடுப்பு முடிந்து தம்பிராஜா சிங்கப்பூருக்குப் போய்க் கப்பல் ஏறினான்.

தீவில் அவனைப் போல் கவனமான ஆள் இல்லை என்று பெயர். வெள்ளைக்காரத் துரையே அதைச் சொல்வார். ஒரு நாள் சமையற்காரர் மழைக்குப் பயந்து, காற்று வரும் பக்கத்துப் பாறை மறைவில் அடுப்பை மூட்டிவிட்டார். தம்பிராஜா குடுவையோடு மேட்டில் ஏறியபோது விறகுப் புகையின் மெல்லிய வாடை மூக்கில் பட்டது. அவன் இறங்கி ஓடி வந்து சத்தம் போட்டான்.

"இந்தப் பொகையில என்ன இருக்குன்னு தெரியுமா ஒனக்கு? ஒரு துளி கலந்தாப் போதும், இத்தன வருசத்து வேலையும் பாழ்! அடுப்பத் தூக்கு அந்தப் பக்கம்!"

சமையற்காரர் அடுப்பைத் தூக்கிக்கொண்டு போனார். அன்று மாலை துரை தம்பிராஜாவின் தோளைத் தட்டினார். கடலைப் பார்த்து நின்ற அவனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. வீட்டு ஞாபகம் வந்தது. மகள் மல்லிகாவின் படிப்பு ஞாபகம் வந்தது. குசினி ஞாபகம் வரவில்லை.

சில வாரங்கள் கழித்து தீவிலிருந்த வயர்லெஸ் ரேடியோவில் செய்தி வந்தது. துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: மனைவி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், உடனே புறப்படு. உடனே புறப்படக் கப்பல் இல்லை. அடுத்த கப்பல் வரும் வரை அவன் மேட்டில் ஏறுவதும் இறங்குவதுமாகக் கிடந்தான்.

மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியில் பாக்கியலட்சுமி தலையணைகளை முதுகுக்கு அடுக்கி உட்கார்ந்த நிலையில் இருந்தாள். படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்றார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. கால்கள் வீங்கியிருந்தன. அவனைப் பார்த்ததும் முந்தானையைச் சரிசெய்யப் பார்த்தாள். கை அவ்வளவு தூரம் எழவில்லை.

லேடி டாக்டர் அவனைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப்போனாள். தமிழ்ப் பெண், குரலில் களைப்பு இருந்தது.

"எத்தன வருசமா இருமறாங்க?"

தம்பிராஜாவுக்குத் தெரியவில்லை.

"எங்க சமைக்கிறாங்க?"

"குசினியிலதான் அம்மா. வெறகு அடுப்பு."

"ஜன்னல் இருக்கா?"

"இருக்குங்க." அவன் தரையைப் பார்த்தான். "ஆனா அடச்சிருக்கு."

"யாரு அடச்சது?"

டாக்டர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"நுரையீரல் ரொம்பக் கெட்டுப் போச்சு. இதயமும் தாங்கல. ஒரு நாள்ல வந்த வியாதி இல்ல இது. காலமெல்லாம் புகையில உக்காந்திருந்திருக்காங்க. முன்னயே காத்தோட்டத்துக்கு வழி பண்ணியிருந்தா இன்னும் பல வருசம் இருந்திருப்பாங்க. இனிமே மருந்தால ஆவுறது ஒண்ணும் இல்ல."

அவன் வீட்டுக்கு நடந்தான். கதவைத் திறந்ததும் புகை முகத்தில் அடித்தது. குசினியில் மல்லிகா, பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டிய நேரத்தில், அடுப்பின் முன் குந்தியிருந்தாள். அம்மா ஒத்துக்கொண்ட முறுக்கை அவள் சுட்டுக்கொண்டிருந்தாள்.

தம்பிராஜா உள்ளே போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்தான். அந்த வீட்டில் அவன் அடுப்பின் முன் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கண்ணிலிருந்து நீர் கொட்டியது. தொண்டை எரிந்தது. ஒரு விறகு எரிந்து முடியுமுன் அவன் எழுந்து வெளியே ஓடிவந்து, கிணற்றடியில் குனிந்து நின்று இருமினான். அந்த அடுப்பின் முன்தான் பாக்கியலட்சுமி காலையிலிருந்து மத்தியானம் வரை இருந்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து இருந்தாள்.

மகள் தண்ணீர் கொண்டு வந்தாள். அவளும் இருமினாள்.

"ஏம்மா, அம்மாவுக்கு அவ்வளவு முடியலன்னா பலகையப் பேத்து எடுத்திருக்கக் கூடாதா? வீட்டுல சுத்தியல் இருக்கே?"

"நான் எடுக்கப் போனேம்பா. அம்மாதான் விடல. அப்பா வந்து எடுத்தாத்தான் ஆச்சு, நாம எடுத்தா தப்பா நெனச்சுக்குவாருன்னு சொன்னாங்க."

தம்பிராஜா சுத்தியலை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் போனான். துருப்பிடித்த ஆணிகள் லேசில் வரவில்லை. கொட்டகையிலிருந்து ஒருவன் கடப்பாரையோடு வந்து பலகையின் மறுமுனையைப் பிடித்தான். லோரி ஓட்டும் யூனுஸ். எவர்களுடைய கண்ணுக்குப் பயந்து தம்பிராஜா ஆணி அடித்தானோ, அவர்களில் ஒருவன். இருவரும் சேர்ந்து நெம்பினார்கள். பலகை விழுந்ததும் உள்ளே அடைந்திருந்த புகை அவர்கள் மேல் கவிந்து வெளியேறியது.

"அவள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது நீதான்னு மல்லிகா சொன்னுச்சு," என்றான் தம்பிராஜா.

"புள்ள கத்துச்சு அண்ணே. லோரியிலயே தூக்கிப் போட்டுக்கிட்டுப் போனோம்." யூனுஸ் கடப்பாரையைக் கீழே வைத்தான். "அக்கா இருமறது எங்களுக்கு வருசக்கணக்கா கேக்கும். சோறு சாப்பிட முடியாது. ஒங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு நெனப்போம். சொன்னா, அவ இருமறது ஒனக்கு எதுக்குடான்னு கேப்பீங்கன்னு வாய மூடிக்கிட்டோம். அதுவும் பாவந்தான்."

மறுநாள் தம்பிராஜா படுக்கையருகே உட்கார்ந்து, பலகையை எடுத்துவிட்டதாகச் சொன்னான். பாக்கியலட்சுமி தலையை அசைத்தாள். கோபம் எதுவும் அவள் முகத்தில் இல்லை. இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"மல்லிகாவ... பள்ளிக்கூடம் அனுப்புங்க," என்றாள். வெகுநேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டு மறுபடியும் கேட்டாள்: "அந்தத் தீவுல... காத்து எப்படிங்க இருக்கும்?"

ஊரில் பார்ப்பவர்களிடமெல்லாம் அவன் மணிக்கணக்காகச் சொன்ன கதை அது. அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. இப்போது சொல்ல வாயெடுத்தான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

அந்த வாரத்திலேயே அவள் போய்விட்டாள்.

கருமாதி அன்று உறவும் தெருவும் முன்கூடத்தில் கூடியிருந்தன. சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டு சுற்றி வந்தது. கலியாணசுந்தரம் பெருமூச்சு விட்டார்.

"என்ன பண்றது தம்பிராஜா. அவ கொடுத்து வச்சது அவ்வளவுதான். எல்லாம் தலையெழுத்து."

"இல்ல அண்ணே," என்றான் தம்பிராஜா.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"தலையெழுத்து இல்ல. ஆணி அடிச்சது நானு. எவனோ பாத்துருவான்னு பொண்டாட்டி மூச்ச அடச்சேன். அவ இருமறது என் காதுல விழுந்துச்சு. ஒங்க காதுலயும் விழுந்துச்சு. பொம்பளைன்னா அடுப்படியில இருமத்தான் செய்வான்னு விட்டுட்டோம்."

"அட, இப்ப எதுக்கு அதெல்லாம்..."

"இப்பத்தான் அண்ணே பேசணும். யாரும் இல்லாத கடல்ல காத்து கெட்டுப் போச்சான்னு பாக்க ஆளு வச்சிருக்காங்க. அந்த வேலைய நான் ஒழுங்காத்தான் செஞ்சேன், அது வேண்டியதுதான். ஆனா நம்ம வீட்டுக்குள்ள இருக்கிற காத்தப் பாக்க எந்த அரசாங்கமும் ஆளு அனுப்பாது. அத நாமதான் பாக்கணும். இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் ஒவ்வொருத்தரும் ஒங்க குசினியில, அடுப்பு எரியிற நேரத்துல, கொஞ்சம் உக்காந்து பாருங்க. ஒங்களால உக்கார முடியலன்னா, அங்க ஒரு பொம்பளைய உக்கார வைக்காதீங்க. வழி பண்ணுங்க. மானம் மானம்னு சுவத்த அடச்சிங்கன்னா, கடைசில என்னை மாதிரி பொணத்தத்தான் காப்பாத்திக்கிட்டு உக்காந்திருப்பீங்க."

கலியாணசுந்தரம் வெற்றிலையை மடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். பெண்கள் இருந்த பக்கத்தில் அவருடைய மனைவி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு மெல்ல இருமினாள். அவள் இருமலுக்கு அவர் முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தார்.