மொட்டைக்கல்லுக்கு அந்தப் பக்கம் பெய்த மழை

மழைக்கு ஓரவஞ்சனை அதிகம். அந்தச் செம்மண் காட்டில் அது வேலிக்கு ஒரு பக்கம் கொட்டும், மறுபக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. நேற்று முழுக்க இடித்தும் லோர்னாவின் வீட்டு வாசலில் விழுந்தது நாலே சொட்டு. மேய்ச்சல் நிலத்தில் பெய்ததா என்று அறிய ஒரே வழிதான். விடியுமுன் மொட்டைக்கல் பாறையில் ஏறிவிட வேண்டும். சூரியன் தலைகாட்டும்போது தண்ணீர் எங்கே நின்றாலும் பளபளக்கும். வெயில் ஏறிவிட்டால் கண் கூசும், ஒன்றும் தெரியாது.

மூன்று வருடப் பஞ்சத்தில் விற்றது போக அவளுக்கு மிஞ்சியது ஐம்பத்து மூன்று சினைமாடுகள். அவையும் பாறையடிவாரத்தில், வேலியோரப் பட்டியில் லாரிக்காகக் காத்து நின்றன. ஓட்டுநர் நெவில் ஆறு மணிக்குக் கிளம்புவான். அதற்குள் வா என்றோ வராதே என்றோ ரேடியோவில் சொல்லிவிட வேண்டும். இவையும் போய்விட்டால் பண்ணை என்று சொல்லிக்கொள்ள வெறும் கம்பிவேலிதான் இருக்கும்.

"அம்மா தாயே, கொஞ்சம் நில்லு," என்று கீழிருந்து மூச்சிரைத்தான் கணவன் ட்ரெவர். "என் முட்டி போன வருஷமே ரிட்டையர் ஆயிருச்சு."

"வாய்க்கு மட்டும் ரிட்டையர்மென்ட்டே கிடையாது. ஏறு, ஏறு."

உச்சியை எட்டியபோது கிழக்கு சிவந்திருந்தது. முதல் கதிர் விழுந்ததும் மேற்கே நீளமாக ஒரு கோடு மின்னியது.

"தண்ணி! ட்ரெவர், தண்ணி!" அவள் அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

அவன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "லோர்னா... அது உப்பளம்மா."

இருபத்தாறு வருடமாகப் பார்த்துவரும் உப்பு ஏரி. ஆசை கண்ணை மறைத்துவிட்டது. வடக்கே அவர்களுடைய நிலம் சட்டிபோலக் காய்ந்து கிடந்தது. பளபளப்பு தெற்கே இருந்தது, ஒன்றல்ல, பத்துப் பதினைந்து இடத்தில். எல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம், வெர்னாவின் நிலத்தில்.

வெர்னாவோடு நான்கு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. லோர்னாவின் காளை வேலியைப் பிய்த்துக்கொண்டு போய் அவளுடைய உயர்சாதிக் கிடாரிகளிடம் வேலையைக் காட்டிவிட்டது. வெர்னா அதைக் காயடித்து, கழுத்தில் நன்றி என்று அட்டை கட்டித் திருப்பி அனுப்பினாள்.

லோர்னாவுக்கு வயிறு எரிந்தது. போயும் போயும் அவளுக்கா! ரேடியோவை எடுத்தாள்.

"யாருக்குச் சொல்லப் போற?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

தெற்குச் சரிவிலிருந்து கைத்தடியும் பிளாஸ்க்குமாக வெர்னாவே ஏறி வந்துகொண்டிருந்தாள். எழுபது வயது.

"லாரிக்காரனுக்கு. உங்களுக்குத்தான் யோகம், வெர்னா. நல்லா அனுபவிங்க."

"யோகமா?" கிழவி தன் நிலத்தைப் பார்த்தபடியே பாறையில் உட்கார்ந்தாள். "போன மாசம் என் கடைசி மாட்டையும் ஏத்தி விட்டேன். இன்னும் மூணு வாரத்துல அங்க முட்டியளவு புல்லு நிக்கும். திங்க ஒரு வாய் இல்ல." தடியால் பாறையைத் தட்டினாள். "ஒரு மாசம் பொறுத்திருக்கலாம். பொறுக்கல."

லோர்னாவின் கோபம் போன இடம் தெரியவில்லை. அந்த முகத்தைப் பார்க்க அவளுக்கு மனசு தாங்கவில்லை.

"பட்டில எத்தன?" என்றாள் வெர்னா.

"அம்பத்து மூணு. எல்லாம் சினை."

"புல்லு வர்ற வரைக்கும் என் கொட்டகையில வைக்கோல் கிடக்கு. ஓட்டிட்டு வா."

"வேலி கேட்டுக்குச் சுத்தி வரணும்னா முப்பது கிலோமீட்டர். பாதி வழியில விழுந்துரும், வெர்னா. எலும்பும் தோலுமா நிக்குது."

வெர்னா எழுந்து ட்ரெவரின் இடுப்பில் தொங்கிய, கம்பி வெட்டும் வேலிக்குறடை உருவிக்கொண்டாள். "கேட்டு எதுக்கு?"

அந்த நாட்டில் ஆள் மேல் கை வைத்தாலும் பொறுப்பார்கள், வேலி மேல் வைத்தால் பொறுக்க மாட்டார்கள். வெர்னா தடியை ஊன்றி வேலியை நோக்கிச் சரிவில் இறங்கத் தொடங்கிவிட்டாள்.

ரேடியோ கரகரத்தது. "லோர்னா அக்கா, நெவில் பேசறேன். இஞ்சின ஸ்டார்ட் பண்ணிட்டேன். வரவா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் லோர்னாவால் பட்டனை அழுத்த முடிந்தது.

"வேணாம் நெவில், வீட்டுக்குப் போ. மாடெல்லாம் இங்கதான் கன்னு போடும்."