பலகையின் மேல்வரி

“மேல்வரியில என்ன போட்டிருக்கு? படிச்சுச் சொல்லு, எஃபி.”

அவளுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது அப்பா கேட்டது. படகுத்துறையில் அன்றுதான் புதுப் பலகை நட்டிருந்தார்கள். மேல்வரி ஸ்காட்லாந்துத் தீவுகளின் பழைய மொழியான கேலிக், கீழ்வரி ஆங்கிலம். அப்பா டார்மட் படகில் நாள் முழுக்கப் பேசுவது கேலிக்தான். ஆனால் அதை எழுதிப் பார்த்ததில்லை. அவர் படித்த பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் மட்டும்தான். வாய்தவறி வீட்டுப் பேச்சு வந்துவிட்டால் தோல்வாரால் அடி. அதனாலேயே மகளிடம் அவர் கேலிக் பேசவில்லை. “உனக்கெதுக்கு அது? அடி வாங்கவா?” என்பார்.

எஃபி எழுத்துக்கூட்டி, ஆங்கிலம் படிப்பதுபோலப் படித்தாள். அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு அந்தச் சொல்லை அதன் சரியான ஒலியில், தொண்டையிலிருந்து எடுத்துச் சொன்னார். துறைமுகம்.

அதிலிருந்து வேனில் மீன் ஏற்றிப் போகும்போதெல்லாம் அவள் பலகைகளைத் தப்பாகப் படிப்பாள், அவர் திருத்துவார். சில மாதங்களிலேயே அவளுக்குச் சரியாக வந்துவிட்டது. ஆனாலும் தப்பாகவே படித்துக்கொண்டிருந்தாள். அவர் அந்த மொழியில் அவளிடம் பேசியது அந்த நேரம் மட்டும்தான்.

இப்போது அவர் முன்னறையில், ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார். முந்தின நாள் பக்கவாதம் வந்து வலது கையோடு ஆங்கிலத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. காலையிலிருந்து ஒரே கேள்வியை கேலிக்கில் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்தார்.

“என்ன கேக்கிறார்?” என்றாள் நர்ஸ் கிர்ஸ்டி. அவள் வெளியூர்க்காரி.

“தெரியல.”

“உங்கப்பாதானே?”

எஃபி பஞ்சை நனைத்து அவர் உதட்டில் ஒற்றினாள். ஃபின்லேவுக்குச் சொல்லியனுப்பியிருந்தாள். அப்பாவோடு காலமெல்லாம் ஒரே படகில் போனவர். அக்கம்பக்கத்தாருக்கு அந்தக் குழறல் பிடிபடவில்லை; அவர் வந்தால் இந்தக் கேள்விக்கு அர்த்தம் சொல்வார். ஆனால் அவர் நத்தை அளவுக்குக்கூட அவசரப்படாத ஆள். அதுவும் இப்போது இறால் கூண்டு தூக்கக் கடலுக்குள் போயிருந்தார்.

அப்பா மறுபடி கேட்டார். குரல் உயர்ந்தது. இடது கை போர்வையை இறுக்கிப் பிடித்தது. “ஆமாம்ப்பா, இங்கதான் இருக்கேன்” என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். யாரோ அந்நியர் பேசுவதுபோல அவர் பார்த்தார். அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை.

அவளிடம் இருந்தது பலகைச் சொற்கள்தான். வாயில் வந்ததைச் சொன்னாள்: “துறைமுகம்.” கேலிக்கில். பழைய தப்பு உச்சரிப்போடு.

கை தளர்ந்தது. கோணிய வாயின் ஒரு பக்கம் மெல்ல அசைந்தது. அவர் அந்தச் சொல்லைத் திருத்திச் சொன்னார்.

எஃபி கட்டிலோடு ஒட்டி உட்கார்ந்தாள். படகுத்துறையிலிருந்து வீட்டுக்கு வரும் சாலையை நினைத்துக்கொண்டு ஒவ்வொரு பலகையாகச் சொன்னாள். நல்வரவு. வழி விடவும். மெதுவாக. நூலகம். பொதுக் கழிப்பறை. அதற்கு அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்கியது. எல்லாவற்றையும் திருத்தினார். கடைசியில் ஊர்ப் பெயர். அதையும் தப்பாகவே சொன்னாள். அவர் திருத்தினார், மூச்சளவுக்கு. அதற்குப் பிறகு வீடுவரை பலகை இல்லை. சொல்ல அவளிடமும் எதுவும் இல்லை. அவர் காத்திருந்தார். பிறகு காத்திருக்கவில்லை.

கிர்ஸ்டி குனிந்து நாடி பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். வாசற்படியில் ஃபின்லே நின்றிருந்தார். கடலுக்குப் போடும் எண்ணெய்த்துணிச் சட்டையிலிருந்து நீர் சொட்டியது. எவ்வளவு நேரமாக நின்றாரோ.

“என்ன கேட்டுக்கிட்டே இருந்தார்?” என்றாள் எஃபி.

ஃபின்லே தொப்பியைக் கழற்றினார். “எங்க வந்திருக்கோம்னு கேட்டான். கடல்ல மூடுபனின்னா எப்பவும் என்கிட்ட கேக்கறதுதான்.”

“நான்…”

“நீ சரியாத்தான் சொன்னே.” அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். “உச்சரிப்புதான் கண்றாவி. கடல்காக்காகூட உன்னைவிட ஒழுங்கா பேசும்.”

அவள் சிரித்தாள். சிரித்ததும்தான் அழுகை வந்தது.

அடக்கத்தன்று வீட்டு வாசலில் இரண்டு நாற்காலிமேல் சவப்பெட்டியை வைத்தார்கள். பைபிள் சங்கீதம் பாடி முடிந்ததும் ஆண்கள் வரிசையாகத் தோள்மாற்றித் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். பெண்கள் பின்னால் வந்தார்கள். ஊர்ப் பலகைவரைதான் அவர்கள் வருவது வழக்கம். அதற்கப்பால் கல்லறைக்கு ஆண்கள் மட்டும். இப்போதெல்லாம் சில ஊர்களில் பெண்களும் போகிறார்கள். இந்த ஊரில் இன்னும் இல்லை.

பலகையருகே தோள் மாற்றுவதற்காகப் பெட்டியை இறக்கினார்கள். காற்று பலமாக இருந்தது.

எஃபி பலகையை நிமிர்ந்து பார்த்தாள். மேல்வரியை உரக்கப் படித்தாள். தப்பாக, ஆங்கிலம் படிப்பதுபோல, பன்னிரண்டு வயதில் படித்ததுபோல.

பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். கேலிக் தெரிந்தவர்கள் அங்கே நிறையப் பேர் இருந்தார்கள். ஒருவர்கூடத் திருத்தவில்லை.

ஃபின்லே அவளைப் பார்த்தார். அவர் வாய் திறந்தது. அவள் காத்திருந்தாள்.

அவர் வாயை மூடிக்கொண்டார். தொப்பியை மடித்துப் பைக்குள் வைத்தார். குனிந்து, தலைமாட்டுப் பக்கம் தோள் கொடுத்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பலகையைக் கடந்து போனார்.