பிள்ளைகள் இல்லத்து மேடு

மலேசியாவின் கெடாவில், திகாம் பத்து ஊருக்கு அந்தப் பக்கம் இருந்த பழைய தோட்டத்தில் மண் தள்ளும் இயந்திரம் இறங்கிவிட்டது என்று பிரேமாவதி டீச்சர் போனில் சொன்னபோது பரஞ்சோதி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார்.

அந்தத் தோட்டத்தில் ஒரு காலத்தில் பிள்ளைகள் இல்லம் இருந்தது. தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளை நிர்வாகம் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும். பரஞ்சோதியும் தங்கை யோகேஸ்வரியும் அங்கேதான் வளர்ந்தார்கள். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து அவள் செத்துப்போனாள். அடக்கத்துக்கு அவரைக் கூப்பிடவில்லை. மேட்டில் புது மண்ணைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். அவளைப் போல நிறைய பேர் அங்கே கிடந்தார்கள். ஒரு குழிக்கும் கல் கிடையாது. டீச்சர் அந்த இடத்தைப் படம் எடுத்து, வரைபடம் போட்டு, அதைக் காப்பாற்றச் சொல்லி அலோர் ஸ்டாரில் அரசாங்க அலுவலகங்களுக்கு நடையாய் நடந்திருந்தார். யாரும் வந்து பார்க்கவில்லை.

இருவரும் போய்ச் சேர்ந்தபோது மேட்டின் கீழ்ச்சரிவு பாதி போயிருந்தது. மேற்பார்வையாளர் காளிதாசன் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். சொந்தக்காரர்கள் கேட்கும் குழியை மட்டும் விடலாம், மற்றதைத் தள்ளிவிட வேண்டும் என்பது தனக்கு வந்த உத்தரவு என்றார்.

“உங்க தங்கச்சி எதுன்னு காட்டுங்கய்யா. அத நான் தொடாம விடுறேன்.”

பரஞ்சோதி மேலே ஏறினார். பெரணிச் செடிகளுக்கு நடுவே மண் அங்கங்கே உள்வாங்கிக் கிடந்தது. எல்லாம் ஒன்று போலவே இருந்தன. இப்படியும் அப்படியும் நடந்தார். முட்டி மடங்கி உட்கார்ந்து மண்ணைத் தடவினார். எதையாவது ஒன்றைக் காட்டுங்கள், அதுவாவது மிஞ்சட்டும் என்று டீச்சர் மெதுவாகச் சொன்னார்.

“இது என் தங்கச்சி,” என்றார் பரஞ்சோதி. காளிதாசன் சிவப்பு நாடா கட்டினார். பரஞ்சோதி அடுத்த குழிக்கு நகர்ந்தார். “இதுவும் என் தங்கச்சி. அது என் தம்பி.”

“ஒரு ஆளுக்கு இத்தன பேரா கூடப் பொறந்தாங்க, ஐயா?”

“அங்க எங்களுக்கு வேற யாரு இருந்தா?”

காளிதாசன் நாடாச் சுருளோடு அவர் பின்னால் போனார். நாடா தீரும்வரை கட்டினார். இத்தனை குழிகளை விட மேலே சம்மதிக்க மாட்டார்கள், சாயங்காலம்வரைதான் தன்னால் நிறுத்தி வைக்க முடியும், அதற்குள் தோண்டி எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

டீச்சர் இடுகாட்டில் குழி வெட்டும் ராமையாவை வரவழைத்தார். சில குழிகளில் சின்னச் சின்ன எலும்புகள் இருந்தன. சிலவற்றில் கறுத்த மண்தான் இருந்தது. அதையும் அள்ளி வெள்ளைத் துணியில் கட்டினார்கள். மழை பிடித்துக்கொண்டது. வேலை முடியுமுன் காளிதாசனுக்குப் போன் வந்தது. இயந்திரம் கீழ்ச்சரிவில் மறுபடி உறுமியது. பரஞ்சோதி சேற்றில் சறுக்கிக்கொண்டு அதன் முன்னால் ஓடினார். காளிதாசன்தான் அவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார், அவரும் அழுதுகொண்டிருந்தார்.

எடுக்க முடிந்ததை எல்லாம் ஊர் இடுகாட்டில் ஒரே குழியில் அடக்கம் செய்தார்கள். கல்லில் என்ன பெயர் போடுவது என்று கொத்துபவர் கேட்டார். பரஞ்சோதி யோகேஸ்வரி என்றார், தேவன் என்றார், ஷீலா என்றார். அதற்கு மேல் முகங்கள்தான் வந்தன, பெயர்கள் வரவில்லை. 

யோகேஸ்வரி அந்தக் குழிக்குள் இருக்கிறாளா, சரிவோடு போய்விட்டாளா என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது.