துணி சுற்றிய மெட்டி

அன்றும் நான் கால்விரலில் துணி சுற்றிக்கொண்டுதான் வேலைக்குப் போனேன். நான் மட்டுமில்லை, எங்கள் கம்பெனியில் புருஷன் உள்ள பெண்கள் அத்தனை பேரும் அப்படித்தான் போவோம். ஆமத்தூருக்குக் கிழக்கே கரிசல் காட்டில் இருந்த பட்டாசுக் கம்பெனி அது. மருந்து அறைக்குள் உலோகம் எதுவும் போகக்கூடாது என்று சட்டம். சிந்திக் கிடக்கிற மருந்தில் உரசினால் பற்றிக்கொள்ளும். வளையலைக் கழற்றுவோம், ஊக்கைக் கழற்றுவோம். மெட்டியை மட்டும் எவளும் கழற்ற மாட்டாள். கட்டினவன் உயிரோடு இருக்கும்போது மெட்டியைக் கழற்றுவாளா ஒருத்தி? கந்தலைக் கிழித்து விரலோடு சுற்றி மறைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவோம். என் புருஷன் முனியசாமி காசநோயில் படுக்கையாகக் கிடந்தார். என் மெட்டிதான் அவர் மூச்சைப் பிடித்து வைத்திருக்கிறது என்று நான் சத்தியமாக நம்பினேன்.

1957 ஆனி மாதம், ஒரு காலை நேரத்தில் அந்தக் கந்தல் அவிழ்ந்துவிட்டது. மருந்து சலித்துக்கொண்டிருந்தவள் கால் மாற்றி உட்கார்ந்தேன். சரக்கென்று ஓர் உரசல், உடனே காலடியில் தீ. பக்கத்தில் இருந்த ஞானப்பூ அக்கா என்னை வெளியே தள்ளிவிட்டு, ஈரச்சாக்கோடு தீயின் மேல் விழுந்தாள். அக்கம்பக்கத்து அறைகளில் முப்பது பெண்கள் இருந்தார்கள். தீ அந்த அறையைத் தாண்டவில்லை. அக்காவின் இரண்டு கைகளும் முழங்கை வரை வெந்துபோயின.

ஞானப்பூ அக்கா வேதக்காரி, கிறிஸ்தவப் பெண். புருஷன் செத்து நாலு வருஷம், காலில் மெட்டி கிடையாது. வேதக்காரி என்றதும் சாந்தசொரூபி என்று நினைத்துவிடாதீர்கள். கிணற்றடியில் அவள் வாயைத் திறந்தால் எதிராளி குடத்தைப் போட்டுவிட்டு ஓடுவாள்.

முதலாளி காசிராஜன் ஆஸ்பத்திரிக்கு வந்து, எப்படிப் பற்றியது என்று கேட்டார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். வாய் ஒட்டிக்கொண்டது. அக்கா சொன்னாள், தான்தான் சட்டத்தை மீறித் தகர டப்பாவை உள்ளே கொண்டுவந்து தரையில் இழுத்துவிட்டதாக. அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். முப்பது உயிரைக் கொல்லப் பார்த்தவள் என்று ஊர் பேசியது. நானும் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டேன். அந்தத் தலையை இப்போது நினைத்தாலும் அறையத் தோன்றுகிறது. அக்கா ஏதோ மயக்கத்தில் டப்பாதான் என்று நினைத்துவிட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி நம்புவது சௌகரியமாக இருந்தது.

ஆனால் சோறு இறங்கவில்லை. கருப்பசாமிக்குக் கிடாய் வெட்டினேன். விருதுநகர் மாரியம்மன் பங்குனிப் பொங்கலுக்குத் தீச்சட்டி எடுத்தேன். கை சுடவே இல்லை, நெஞ்சுதான் ஆறவில்லை. ஆத்தா மேல் குறையில்லை, உண்மையை மறைத்துக்கொண்டு அவளிடம் பேரம் பேசியவள் நான். கிடாய்க்கறியில் ஒரு சட்டி அக்காவுக்குக் கொண்டுபோனேன். படைத்ததைத் தொடமாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டாள். தினமும் நாலு குடம் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினேன். அதை மட்டும் வாங்கிக்கொண்டாள், குடத்தை ஒழுங்காக விளக்கவில்லை என்று திட்டிக்கொண்டே.

பெரிய வெள்ளிக்கிழமை வந்தது. விரல்கள் மடங்கி ஒட்டிப்போனதால் அக்காவால் குடை பிடிக்க முடியாது. துணைக்கு வரச் சொன்னாள். வேதக்கோவிலில் பின்னால் உட்கார்ந்தேன். உபதேசியார் பேசினார். குற்றம் செய்தவன் சும்மா நிற்கிறான், குற்றமே இல்லாதவர் அவன் தண்டனையைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டார், அந்தக் கைகளைப் பாருங்கள் என்றார். நான் அக்காவின் கைகளைப் பார்த்தேன். இனிமேல் ஆடு மாடு பலி கொடுத்துப் பாவம் தீர்க்கிற வேலை இல்லை என்று வேறு சொன்னார். என் கிடாய் வரைக்கும் தெரிந்திருக்கிறதே என்று உடம்பெல்லாம் எரிந்தது.

வெளியே வேப்பமரத்தடிக்கு வந்ததும் அக்காவைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்த ஆளுகிட்ட சொல்லிட்டீகளா? என் மெட்டி உரசித்தான் தீப்பிடிச்சதுன்னு சொல்லிட்டீகளாக்கா?"

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. அக்கா சிரித்தாள்.

"கூறுகெட்டவளே, அவரு இயேசுசாமியச் சொன்னாரு. வருசா வருசம் இதத்தான் சொல்லுவாரு."

மெட்டி உரசியதை அவள் அன்றைக்கே பார்த்திருக்கிறாள். முனியசாமி மருந்துக்கு என் கூலியை விட்டால் வேறு வழியில்லை, என் வேலை போனால் அவர் உயிரும் போகும் என்றுதான் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டாளாம். பொய் சொன்னதற்கு ஆண்டவரிடம் தனியாக மன்னிப்புக் கேட்டுவிட்டாளாம், அதில் நான் தலையிட வேண்டாமாம்.

நான் அழுதேன். எத்தனை குடம் ஊற்றினால் இது தீரும் என்று கேட்டேன்.

"தண்ணி எனக்கு வேணும், ஊத்து. கடன் தீக்கிறதுக்குன்னு ஊத்தாத. எனக்காக ஒருத்தர் செத்தாரு, அவருக்கு நான் என்னத்தத் திருப்பிக் குடுத்தேன்? வாங்கிக்கிட்டேன், அம்புட்டுத்தான். நீயும் வாங்கிக்க."

ஞாயிற்றுக்கிழமை விடியலில், உயிர்த்தெழுந்த பண்டிகைக்கு வேதக்கோவிலில் வெடி போட்டார்கள். தீப்பிடித்த நாளிலிருந்து வெடிச்சத்தம் கேட்டால் ஒடுங்கிப்போகிறவள், அன்றைக்கு எழுந்து வாசலில் நின்று கேட்டேன். கடைசி வெடி வரைக்கும் கேட்டேன்.

திங்கட்கிழமை காலை, முதலாளி கார் கம்பெனி வாசலில் வந்து நின்றது. எல்லோர் முன்னாலும் குனிந்து கந்தலை அவிழ்த்தேன். மெட்டி லேசில் வரவில்லை. தோல் உரிய இழுத்தேன்.

"தீப்பிடிச்சது இதால, முதலாளி. ஞானப்பூ அக்கா எந்த டப்பாவையும் இழுக்கல."

அவர் என்னைத் திட்டவில்லை. இன்னும் எத்தனை பேர் இப்படித் துணி சுற்றியிருக்கிறீர்கள் என்று கேட்டார். முதலில் முத்துமாரியம்மாள், கல்யாணமாகி இரண்டு மாதமே ஆனவள், குனிந்து அவிழ்த்தாள். அடுத்து வீரலட்சுமி. அப்புறம் வரிசையாக. முப்பது பேரில் இருபத்திரண்டு பேர். முதலாளி முகம் வெளுத்துப்போனது. தினமும் எதன் மேல் நடந்துகொண்டிருந்தோம் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. யாரையும் நிறுத்தவில்லை. அத்தனை பேரையும் நிறுத்திவிட்டால் தீபாவளி ஆர்டரை யார் முடிப்பது? அதுவும் ஒரு காரணம்தான், மறைப்பானேன். ஆனால் அதே காரில் அக்கா வீட்டுக்குப் போய், வேலைக்கு வரச்சொல்லிக் கேட்டார். அதையும் மறைக்கக்கூடாது.

அக்கா என்னைத்தான் திட்டினாள், மூடி வைத்ததை ஏன் திறந்தாய் என்று. "நீங்க குடுத்தது உள்ள அடங்கிக் கெடக்க மாட்டேங்குதுக்கா" என்றேன். அக்கா காலிக் குடத்தைக் காலால் என் பக்கம் தள்ளினாள். அதை விளக்கியதில் அவள் குறை சொல்லாதது அந்த ஒரு தடவைதான்.

வீட்டில் முனியசாமி என் வெறுங்காலைப் பார்த்தார். "நான் இன்னும் இருக்கேன்ல?" என்றார். இருந்தார், பதினொரு வருஷம்.

மறுநாளிலிருந்து வாசல் காவல் அக்காவுக்கு. மடங்கிப்போன இரண்டு கைகளாலும் ஒரு மண்சட்டியை அணைத்துக்கொண்டு நிற்பாள். காலையில் மெட்டிகள் அதில் விழும், சாயங்காலம் திரும்பப் போகும். அந்த வாசலைத் தாண்டிய பெண் ஒருத்திகூட அதற்குப் பிறகு வேகவில்லை. சட்டியில் முதலில் விழுவது என் மெட்டிதான். விழுந்த சத்தம் கேட்டதும் அக்கா, "ம், போ" என்பாள். நான் தலை நிமிர்ந்து உள்ளே போவேன்.