ஹேசலின் மூக்குக்கு எட்டாத ஆள்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையைப் பழிவாங்கத்தான் எழுத ஆரம்பித்தேன்.

பக்கத்து வீட்டு லைல், மான் வேட்டைக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லி போன வருஷம் ஒரு நவம்பர் விடியலில் என்னைத் தன் வண்டியில் ஏற்றினார். தெருமுனை திரும்புவதற்குள் வண்டியை நிறுத்தினார். மூக்கை உறிஞ்சினார். இன்னொரு முறை உறிஞ்சினார்.

"நேத்து என்ன சாப்பிட்ட?"

"ரசம்."

"தலையில என்ன?"

"தேங்கா எண்ணெய்."

"இறங்கு."

இறங்கினேன். உடம்பெல்லாம் பெருங்காயமும் தேங்காய் எண்ணெயுமாக, வடக்கு விஸ்கான்சின் குளிரில் வீட்டுக்கு நடந்தேன். நடக்கும்போதே முடிவு செய்துவிட்டேன், இந்த ஆளை ஒரு கதையில் போட்டுக் கிழித்துவிட வேண்டும். எழுதுகிறவனைப் பகைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று தெரியட்டும். (அவருக்குத் தமிழ் தெரியாது. என் வீரம் அவ்வளவுதான்.)

தொடக்கம் சரியாக அமையவில்லை. "காற்று வடக்கிலிருந்து வீசிக்கொண்டிருந்தது" என்று எழுதிப் பார்த்தேன். வானிலை அறிக்கை போல இருந்தது, அடித்துவிட்டேன். "மனிதன் அடிப்படையில் ஒரு நாற்றம்" என்று ஆரம்பித்தேன். தத்துவம் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது, அதையும் அடித்தேன். கடைசியில் "லைல் குளித்துக்கொண்டிருந்தார்" என்று எழுதினேன். நவம்பரில் அவரைப் பற்றி எந்த நேரத்தில் சொன்னாலும் பொய்யாகாத வாக்கியம் அது.

2

லைல் குளித்துக்கொண்டிருந்தார்.

வாசனையில்லாத சோப்பு. பல் தேய்க்கச் சமையல் சோடா. வெளியில் கொடியில் காய்ந்த துண்டு. வேட்டைத் துணிகள் மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் ஊசியிலைக் கொப்புகளோடு கொட்டகையில் கிடந்தன. வேட்டை சீசன் நெருங்கினால் வெங்காயம், பூண்டு, பேக்கன், காபி எல்லாவற்றுக்கும் விடுமுறை. வண்டிக்குப் பெட்ரோல் போடுவதுகூட மனைவி மார்னாவின் வேலை. பாதிச் சொட்டு பூட்ஸில் பட்டாலும் மான் அடுத்த மாவட்டத்துக்கு ஓடிவிடும் என்பது லைலின் கணக்கு. குளிர்காலத்தில் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர், எதையும் அரைகுறையாகத் தள்ளிப் பழக்கமில்லை.

மார்னா ஊர் உணவு விடுதியில் சமையல்காரர். வெள்ளிக்கிழமைகளில் ஊருக்கே மீன் வறுத்துவிட்டு வருவார். அதனால் நவம்பர் முழுக்க லைலுக்குப் பின்னறையில் தனிக் கட்டில்.

"பொண்டாட்டி வேணுமா, மான் வேணுமா? ஒரு தடவை தெளிவா சொல்லிடு லைல்."

"சீசன் முடிஞ்சதும் சொல்றேன்."

இத்தனையும் ஒரே ஒரு மானுக்காக. ஒரு பக்கக் கொம்பு கீழ்நோக்கி வளைந்த கிழட்டுக் கலைமான். வருஷம் தவறாமல் மரத்தில் அவர் கட்டிய பரணுக்கு எதிரே, சுடும் தூரத்துக்கு வரும். நிற்கும். மூக்கைத் தூக்கும். ஒரு சீறல், ஒரு காலுதைப்பு, அவ்வளவுதான், வெள்ளை வாலைக் காட்டிவிட்டுப் போய்விடும். லைல் சட்டைப் பையிலிருந்து எருக்கம்பஞ்சு போன்ற ஒரு பஞ்சைக் கிள்ளிக் காற்றில் விட்டுப் பார்ப்பார். "காத்து திரும்பிடுச்சு" என்று வீட்டுக்கு வந்து சொல்வார். மார்னா சிரிப்பார்.

மார்னாவின் தம்பி கர்ட் பரணில் உட்கார்ந்து சிகரெட் பிடிப்பான், பூண்டு போட்ட சாசேஜ் தின்பான். வருஷா வருஷம் மான் அடித்துவிடுவான்.

"மச்சான், நீ நாறினாலும் மானுக்கு உன்னைப் பிடிக்காது, நாறாட்டியும் பிடிக்காது. இது வேற ஏதோ பிரச்சினை."

"உனக்கு மாட்டுறதெல்லாம் முட்டாள் மான்டா."

"ருசியாத்தானே இருக்கு?"

(கர்ட் 'மச்சான்' என்று சொல்லவில்லை, பேர் சொல்லித்தான் கூப்பிட்டான். என் காதில் அப்படி விழுந்தால் நான் என்ன செய்ய?)

இங்கேயே முடித்திருந்தால் நல்ல நையாண்டிக் கதை கிடைத்திருக்கும். என் பழியும் தீர்ந்திருக்கும். ஹேசலை நான் கதைக்குள் விட்டிருக்கக் கூடாது.

3

ஹேசல் அவர்களுடைய நாய். கிழட்டு லாப்ரடார். கண் முதலில் போனது, அப்புறம் காது. மிச்சமிருந்தது மூக்கு மட்டும்தான். அதை வைத்தே சோபா எங்கே, தண்ணீர்க் கிண்ணம் எங்கே, மார்னா எங்கே என்று வீட்டை நடத்திக்கொண்டிருந்தது. காலையில் எழுந்ததும் தேடிப்போய் லைலின் உள்ளங்கையில் மூக்கைப் புதைத்து, நீளமாக ஒரு மூச்சு இழுக்கும். அப்புறம்தான் அதற்கு நாள் தொடங்கும். லைலுக்கும் அப்படித்தான், ஆனால் அவர் வாயால் சொல்லமாட்டார்.

இந்த நவம்பரில் ஹேசல் அவரைத் தாண்டிப் போனது.

லைல் ஹாலில்தான் நின்றிருந்தார். அது அவர் காலில் உரசிக்கொண்டே போய், அவருடைய நாற்காலியை முகர்ந்தது. நாற்காலி உறையும் அவர் உத்தரவுப்படி துவைத்தாகிவிட்டது. கதவோரம் போய் முகர்ந்தது. அங்கே இருக்க வேண்டிய பூட்ஸ் கொட்டகையில். கதவுக்கு முன்னாலேயே படுத்துக்கொண்டது. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்து சாப்பாட்டைத் தொடவில்லை.

இந்த இடத்தில் நாயின் மனதுக்குள் புகுந்து ஒரு பக்கம் எழுதியிருந்தேன். "இருட்டான உலகில் அவள் தன் எஜமானனின்" என்று ஆரம்பித்து. கிழித்துப்போட்டேன். ஹேசல் என்ன நினைத்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? லைலுக்கே தெரியவில்லை, அதுதானே கதை.

கால்நடை மருத்துவர் ஜோலீன் வந்து பார்த்தார். தடவிக் கொடுத்துக்கொண்டே பேசினார்.

"மூக்கும் போயிருச்சுன்னா அவளுக்கு ஒண்ணுமே இல்ல லைல். சாப்பாடு எங்கன்னு தெரியாது, நீங்க இருக்கீங்களான்னே தெரியாது. பயந்துக்கிட்டே கிடப்பா. அப்படி உயிரோட வைக்கறது பாவம், ஊசி போட்டு அனுப்பிடலாம். சனிக்கிழமை மத்தியானம் வரேன், அதுக்குள்ள மூக்கு வேலை செய்யுதான்னு பாருங்க."

"சனிக்கிழமையா? அன்னிக்கு சீசன் ஆரம்பம்."

"தெரியும். என் வீட்டுக்காரரும் காட்டுலதான் இருப்பார். அன்னிக்குத்தான் எனக்கு நிம்மதியா வேலை ஓடும்."

4

ஜோலீன் போன பிறகு லைலும் மார்னாவும் பின்னறைக் கதவுக்கு இரண்டு பக்கமும் நின்று பேசிக்கொண்டார்கள். விதி விதிதானே.

"ரெண்டுல ஒண்ணு, மார்னா. அவ மூக்கு போயிருக்கணும், இல்ல என் வாசனை போயிருக்கணும். நான் இந்த வருஷம் நல்லாக் குளிச்சிருக்கேன். புது சோப்பு."

"அப்ப சோப்புதான் காரணம்கிற?"

"சோப்பா இருந்தா சரிபண்ணிடலாமே."

மனிதர் ஆசைப்பட்டது அதற்குத்தான். தன் நாய்க்குத் தன்னைத் தெரியாமல் போனது தன்னால்தான் என்று இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் சனிக்கிழமை மத்தியானம் வந்துவிடும்.

மார்னா கதவில் சாய்ந்துகொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"போன வருஷமும் இதே மாதிரிதான் குளிச்ச. குளிச்சும் அந்த மானுக்கு உன் வாசனை தெரிஞ்சுதே, லைல்?"

"அது காத்து திரும்பினது."

"காத்தா?"

"காத்து, மார்னா."

"சரி. காத்துதான்."

இத்தனை வருஷமாக அந்தச் சாக்கை ஒருநாளும் ஒப்புக்கொள்ளாத மார்னா அன்று ஒப்புக்கொண்டார். இந்த வரியை அடிக்கப் போய், அடிக்காமல் விட்டேன். கிழிக்க வந்த ஆள் நான், ஞாபகம் இருக்கட்டும்.

5

லைலின் வாசனை உள்ள ஏதாவது ஒரு பொருள் போதும். அதை ஹேசல் மூக்கருகே வைத்துப் பார்த்துவிடலாம். வீட்டைப் புரட்டினார்கள். சட்டை, போர்வை, தலையணை, கையுறை, பனி வண்டியின் இருக்கைத் துணி எல்லாம் துவைத்தாயிற்று. தன்னைத் தன் வீட்டிலிருந்தே இவ்வளவு சுத்தமாகத் துடைத்தெடுத்த மனிதரை நான் பார்த்ததில்லை.

எழுத்தாளனாக நான் உதவிக்கு வந்தேன். படகுக் கொட்டகையில், ஆணியில், ஒரு பழைய மீன்பிடித் தொப்பியை மாட்டிவைத்தேன். வியர்வைக் கறை படிந்த நல்ல தொப்பி. லைல் கண்டுபிடிக்கிறார், ஹேசல் முகர்கிறது, வால் ஆடுகிறது, முற்றும்.

லைலிடம் இதைச் சொன்னேன்.

"எங்கிட்ட அப்படி ஒரு தொப்பியே கிடையாது."

"கதையில இருக்கட்டுமே?"

"இருந்தா துவைச்சிருப்பேன்."

தொப்பியைக் கழற்றி எடுத்துவிட்டேன்.

வியாழக்கிழமை ஹேசலைப் பார்க்கப் போனேன். முந்தின நாள் சாப்பிட்டது சாம்பார். நான் ஹாலுக்குள் நுழைந்ததும் படுத்திருந்த ஹேசல் தலையைத் தூக்கியது.

லைல் என்னைப் பார்த்தார். ஒரு மனிதர் என்மேல் அவ்வளவு பொறாமைப்பட்டது அதுதான் முதல் தடவை.

"உன்னைத் தெரியுது அவளுக்கு! பார்த்தியா மார்னா? மூக்கு இருக்கு! மூக்கு இருக்கு!"

"தரை அதிர்ந்திருக்கும், லைல். இவர் நடக்கிறதப் பார்த்தேல்ல?"

(என் எடையைப் பற்றி இக்கதையில் வரும் ஒரே குறிப்பு இது. நீக்கலாமா என்று யோசித்தேன். நீக்கினால் மார்னாவின் சந்தேகமும் போய்விடும், அதனால் விட்டுவைத்தேன். பெருங்காயமா, என் காலடியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பெருங்காயம் என்றே இருக்கட்டும் என்று ஆசை. காலடிக்கு வாய்ப்பு அதிகம்.)

லைல் அதற்கு மேல் யோசிக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையிலிருந்து, ஊர் முழுக்க ஆண்களும் பெண்களும் வாசனையில்லாத சோப்பில் தேய்த்துக்கொண்டிருந்த அந்த நாளில், அவர் நாற ஆரம்பித்தார். பேக்கன் வறுத்துத் தின்றார். பச்சை வெங்காயத்தைக் கடித்தார். காபியாகக் குடித்தார். கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு கொல்லையில் விறகு பிளந்தார், வியர்வை வழிய வழிய. கர்ட் வேலியோரம் நின்று பார்த்தான்.

"மச்சான், என்ன பண்ற? நாளைக்கு அது வரும்டா. அந்தக் கோணக்கொம்பன். நேத்து ஓடைப்பக்கம் தடம் பார்த்தேன்."

"வரட்டும்."

"இந்த நாத்தத்தோட போனா காடே காலியாயிடும்."

"நான் போகல. நீ என் பரண்ல உக்காரு."

கர்ட் கையிலிருந்த சாசேஜைப் பார்த்தான். பாதியை ஒடித்து லைலிடம் நீட்டினான்.

"பூண்டு ஜாஸ்தி போட்டது. சாப்பிடு."

அன்று ராத்திரி மீன் வறுத்த கையோடு வந்த மார்னா பின்னறைக் கதவைத் திறந்து, லைலைக் கட்டிக்கொண்டார். "உனக்கும் மீன் வாசம் வேணும்ல" என்றார்.

6

முடிவுகள். எழுதியதையெல்லாம் மறைக்காமல் வைக்கிறேன்.

ஒன்று. கோணக்கொம்பன் லைல் வீட்டு வேலிக்கே வந்து நிற்கிறது. லைல் சன்னல் வழியே பார்க்கிறார். மான் அவரைப் பார்க்கிறது. இருவரும் ஒருவரையொருவர் மன்னித்துக்கொள்... இல்லை. என் பேனாவை யாராவது பிடுங்கியிருக்க வேண்டும்.

இன்னொன்று. கர்ட் லைலின் பரணில் உட்கார்ந்து சிகரெட்டும் கையுமாக அந்த மானை அடித்துவிடுகிறான். வாசகர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அது மானின் முடிவுதான், இந்த வீட்டின் முடிவு ஹாலில் படுத்திருக்கிறது.

மூன்றாவது, ஜோலீனின் வண்டி வாசலில் வந்து நிற்பதில் தொடங்கியது. இரண்டு வரிக்கு மேல் எழுத முடியவில்லை. முடியவில்லை என்பதை அப்படியே விட்டுவைக்கிறேன்.

7

சனிக்கிழமை காலை. வெளுக்க ஆரம்பிக்கிறது. தூரத்தில் முதல் வெடிச் சத்தம் கேட்கிறது, பிறகு இன்னொன்று. இத்தனை வருஷத்தில் அந்தச் சத்தத்தை லைல் வீட்டுக்குள்ளிருந்து கேட்பது இதுதான் முதல் தடவை.

அவர் தரையில் ஹேசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். வியர்வை, வெங்காயம், பேக்கன், விறகுப் பிசின், கொஞ்சம் மீன். மார்னா சமையலறை வாசலில் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். நாற்றத்தால் அல்ல.

"ஹேசல்" என்கிறார் லைல். அதற்குக் காது கேட்காது, அவருக்கும் அது தெரியும். உள்ளங்கையை விரித்து அதன் மூக்குக்கு முன்னால் வைக்கிறார்.

இதுவரை தெரியும். இதற்குமேல் என்ன நடந்தது என்று லைல் என்னிடம் சொன்னார். உங்களிடம் நான் சொல்லப்போவதில்லை. நல்லபடியாக எழுதினால் பொய் என்பீர்கள், மற்றபடி எழுத என் கை வரவில்லை. ஜோலீன் மத்தியானம்தான் வருவார். அதுவரை கதை உங்களிடம் இருக்கட்டும். ஹேசல் மூக்கை அசைக்கலாம், அசைக்காமலும் விடலாம். வாலைப் பற்றியும் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எந்த முடிவை எழுதினாலும், அவர் கையை மட்டும் கழுவிவிடாதீர்கள்.